காற்றா, நீரா? பெரிய மோட்டார் சைக்கிளைக் குளிர்விப்பது எது?

நெடுந்தூரம் ஓடிவந்து அப்போதுதான் நிறுத்தப்பட்ட ஒரு மோட்டார் சைக்கிளின் அருகில் நின்று கவனியுங்கள். 'டிக்... டிக்...' என்று மெல்லிய ஒலி கேட்கும். சூட்டினால் விரிந்திருந்த உலோகப் பகுதிகள் ஆறும்போது சுருங்குகின்றன. அந்தச் சுருக்கத்தின் ஒலியே அது. கையை அருகில் கொண்டுசென்றால் அனல் அடிக்கும். இவ்வளவு வெப்பமும் எங்கிருந்து வந்தது? வண்டி ஓடும்போது அது எவ்வாறு வெளியேறியது? வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிட்டால் என்ன ஆகும்?

சிறிய வண்டிகளில் இது பெரிய சிக்கல் அன்று. ஆனால் இரண்டு ஆட்களையும் பெட்டி நிறையச் சாமான்களையும் சுமந்துகொண்டு நாள் முழுவதும் ஓட வேண்டிய நெடும்பயண மோட்டார் சைக்கிள்களில் இதுவே தலையாய சிக்கலாகும். இதைத் தீர்க்கப் பொறியியலார் இரு வழிகளைக் கையாண்டனர். ஒன்று காற்று, மற்றொன்று நீர். இவற்றில் எது சிறந்தது என்பதை ஆராய்வோம்.

எவ்வளவு வெப்பம்?

முதலில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெரிய நெடும்பயண வண்டி லிட்டருக்கு 18 கி.மீ. ஓடுவதாகக் கொள்வோம். அது மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் சென்றால் ஒரு மணி நேரத்தில் 5 லிட்டர் பெட்ரோல் எரியும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 32 மெகாஜூல் வெப்பம் கிடைக்கிறது. எனவே 5 லிட்டருக்கு 160 மெகாஜூல். இதை விநாடிக் கணக்குக்கு மாற்றினால் ஏறத்தாழ 44 கிலோவாட் ஆகும்.

இதில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் வண்டியை ஓட்டும் வேலையாக மாறுகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு போய்விடுகிறது. மற்றொரு மூன்றில் ஒரு பங்கு சிலிண்டரின் சுவரிலும் தலைப்பகுதியிலும் ஏறுகிறது. அதாவது சுமார் 15 கிலோவாட்! 1000 வாட் மின்னடுப்புகள் பதினைந்தை ஒரே சமயத்தில் எரியவிட்டு, அவற்றை உங்கள் முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு பயணம் செய்வதாகக் கற்பனை செய்து பாருங்கள்.

சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பநிலை 2000° செ.க்கு மேல் செல்லும். பிஸ்டன் செய்யப்பட்டுள்ள அலுமினியமோ சுமார் 660° செ.இல் உருகிவிடும். எரிதல் மிகக் குறுகிய நேரமே நீடிப்பதாலும், வெப்பம் உடனுக்குடன் அகற்றப்படுவதாலுமே பிஸ்டன் பிழைக்கிறது. வெப்பம் அகலாவிட்டால் உருகுவதற்கு முன்பே ஆபத்து வந்துவிடும். எண்ணெய் தன் வழவழப்பை இழக்கும். விரிந்த பிஸ்டன் சிலிண்டர் சுவரை இறுகப் பிடித்துக்கொள்ளும். விரையும் வண்டியில் இது நேர்ந்தால் பின்சக்கரம் திடீரென நின்று, ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

அப்படியானால் எஞ்சினை முடிந்த அளவு குளிர வைத்துவிடலாமே என்று கேட்கலாம். அதுவும் தவறு. மிகக் குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, எண்ணெய் கெட்டியாகவே இருக்கும், தேய்மானம் கூடும். ஆகவே, வெப்பத்தை வெளியேற்றினால் மட்டும் போதாது. எஞ்சினை எல்லா இடங்களிலும், எல்லா வேளைகளிலும் ஏற்ற வெப்பநிலையிலேயே வைத்திருக்க வேண்டும். காற்றுக்கும் நீருக்கும் இடையிலான போட்டியில் இந்தக் கருத்தை மறவாமல் இருங்கள்.

காற்றின் வழி

காற்று முறை மிக எளிது. சிலிண்டரைச் சுற்றிச் சிறகுகள் போல மெல்லிய உலோகத் தகடுகள் பல வார்க்கப்பட்டிருக்கும். காற்றுப் படும் பரப்பை அதிகரிப்பதே இவற்றின் வேலை. உலோகத்தின் வழியே வெப்பம் தகடுகளின் நுனிவரை கடத்தப்படுகிறது. அங்கிருந்து வீசும் காற்று அதை எடுத்துச் செல்கிறது. பம்பு இல்லை, குழாய் இல்லை, ஒழுகுவதற்கு எதுவும் இல்லை. எடையும் குறைவு.

தகடுகள் எந்த உலோகத்தால் ஆனவை என்பதும் முக்கியம். அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் தன் பெரிய வண்டிகளில் நெடுங்காலம் இரும்புச் சிலிண்டர்களையே பயன்படுத்தி வந்தது. 1984ஆம் ஆண்டு மாதிரிகளில் வந்த 'எவல்யூஷன்' எஞ்சினில்தான் சிலிண்டர்களும் அலுமினியத்துக்கு மாறின.

சிலிண்டர்களை எங்கே வைப்பது என்பதிலும் நுட்பம் உண்டு. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1923இல் வெளியிட்ட ஆர் 32 வண்டியில் இரண்டு சிலிண்டர்கள் இடமும் வலமுமாக நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டின் மீதும் காற்று நேராக மோதும். ஹார்லி வண்டிகளிலோ இரு சிலிண்டர்களும் 'V' வடிவில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. முன் சிலிண்டர் காற்றை மறைத்துவிடுகிறது. அதைச் சுடவைத்தும் விடுகிறது. அந்தச் சூடான காற்றுதான் பின் சிலிண்டருக்குக் கிடைக்கிறது. ஆகவே, பின் சிலிண்டர் கூடுதலாகச் சுடுவதில் வியப்பில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மணிக்கு 90 கி.மீ. என்பது விநாடிக்கு 25 மீட்டர். அந்த வேகத்தில், பக்கத்துக்கு 40 செ.மீ. உள்ள ஒரு சதுரத்தின் வழியே விநாடிக்கு 4,000 லிட்டர் காற்றுப் பாயும். நம் கணக்கில் வந்த 15 கிலோவாட்டை எடுத்துச் செல்ல, 30° செ. சூடேறும் காற்று விநாடிக்குச் சுமார் 400 லிட்டர் இருந்தால் போதும். எனவே நெடுஞ்சாலையில் கவலை இல்லை. ஆனால் வண்டி நெரிசலில் நின்றுவிட்டால்? அல்லது முழுச் சுமையோடு செங்குத்தான மலைப்பாதையில் மெதுவாக ஏறினால்? எஞ்சின் எரிந்துகொண்டே இருக்கிறது. காற்றோட்டமோ ஏறக்குறைய இல்லை. வெப்பம் மிகவும் தேவைப்படும் வேளையில் வெளியேற முடியாமல் தவிக்கிறது.

இதற்கு ஹார்லி பொறியியலார் கண்ட வழி ஒன்று சுவையானது. அவர்களுடைய சில வண்டிகளில், எஞ்சின் மிகச் சூடான நிலையில் வண்டி நிற்கும்போது, பின் சிலிண்டருக்குப் பெட்ரோல் செல்வது தற்காலிகமாக நிறுத்தப்படும். முன் சிலிண்டர் மட்டும் எரியும்; பின் சிலிண்டர் சற்று இளைப்பாறும்.

நீரின் வழி

நீர் முறையில் சிலிண்டரின் சுவர் இரட்டைச் சுவராக இருக்கும். நடுவில் உள்ள இடைவெளியில் நீர் ஓடும். பம்பு அந்த நீரை ரேடியேட்டருக்குத் தள்ளும். அங்கே அது மெல்லிய குழாய்களில் ஓடிக் காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் எஞ்சினுக்குத் திரும்பும்.

நீரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? ஒரே கன அளவுள்ள நீரையும் காற்றையும் ஒப்பிட்டால், ஒரே அளவு சூடேறுவதற்கு நீர் காற்றைப் போல ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தை ஏற்கிறது. நமது 15 கிலோவாட்டை அகற்ற, 8° செ. மட்டுமே சூடேறும் நீர் விநாடிக்கு அரை லிட்டருக்கும் குறைவாக ஓடினாலே போதும். எஞ்சினுக்குள் நுழையும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் வேறுபாடு இவ்வளவு சிறிதாக இருப்பதால், எல்லாச் சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்கும். காற்று எட்டாத மூலைகளுக்கும் நீர் செல்லும். குறிப்பாக, புகை வெளியேறும் வால்வைச் சுற்றியுள்ள பகுதியே எஞ்சினில் அதிகமாகச் சுடும் இடம். அங்கே சிறகுத் தகடுகளை வைக்க இடமில்லை. ஆனால் நீருக்கு ஒரு சிறு வழி அமைத்துவிடலாம்.

ஓட்டத்தைக் கட்டுப்படுத்த 'தெர்மோஸ்டாட்' என்னும் தானியங்கி வால்வு உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருக்கும். நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் விரைவில் சூடேறும். ஏறத்தாழ 80° செ. ஆனதும் திறந்துகொள்ளும். நீர் கொதித்துவிடாமல் காப்பது ரேடியேட்டரின் அழுத்த மூடி. பிரஷர் குக்கரில் உள்ள அதே தத்துவம்தான். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு அழுத்தம் கூடினால் நீர் சுமார் 120° செ. வரை கொதிப்பதில்லை. 5,000 மீட்டர் உயரமான மலைக் கணவாயில் திறந்த பாத்திரத்து நீர் சுமார் 83° செ.இலேயே கொதித்துவிடும் என்பதை நினைத்தால் இம்மூடியின் அருமை புரியும். நீருடன் கிளைக்கால் என்னும் பொருளைக் கலப்பதும் வழக்கம். அது கொதிநிலையை மேலும் உயர்த்துவதோடு, குளிர்நாடுகளில் நீர் உறைந்து சிலிண்டரை வெடிக்கச் செய்யாமலும் காக்கிறது.

நீர் முறை புதியதன்று. இங்கிலாந்தில் 1908இல் தோன்றிய ஸ்காட் வண்டியிலேயே சிலிண்டர் தலை நீரால் குளிர்விக்கப்பட்டது. 1971இல் ஜப்பானின் சுசுகி நிறுவனம் மூன்று சிலிண்டர்களை அருகருகே கொண்ட ஜி.டி. 750 வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவ்வாறு அமைந்தால் நடுச் சிலிண்டருக்குக் காற்றுக் கிடைப்பது அரிது. எனவே நீரை நாடினார்கள். அமெரிக்கர்கள் அதற்கு 'நீரெருமை' என்றும், ஆங்கிலேயர்கள் 'கெண்டி' என்றும் செல்லப்பெயர் வைத்தனர்! 1974இல் ஜெர்மனியின் கொலோன் நகரக் கண்காட்சியில் ஹோண்டா தனது 'கோல்டு விங்' வண்டியைக் காட்டியது. 999 சி.சி., படுக்கையாக அமைந்த நான்கு சிலிண்டர்கள், நீரால் குளிர்விப்பு. நெடும்பயண வண்டிகளின் வரலாற்றில் இது ஒரு திருப்பம். 1988 மாதிரியில் ஆறு சிலிண்டர்கள் வந்தன. 2001 மாதிரியில் எஞ்சின் 1800 சி.சி. அளவை எட்டியது. இவ்வளவு பெரிய எஞ்சின் ஓட்டுபவரின் கால்களுக்கு நடுவே அமைதியாக ஓடுவது நீரால்தான் எளிதாயிற்று.

நீர் வெறும் தூதன்

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீர் வெப்பத்தை அழித்துவிடுவதில்லை. எஞ்சினிலிருந்து வாங்கி ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்கிறது; அவ்வளவுதான். ஆகவே, 'நீரால் குளிரும் வண்டி' என்று நாம் சொல்வதும் இறுதியில் காற்றால் குளிரும் வண்டியே! ரேடியேட்டரைச் சேறு அடைத்துவிட்டாலோ, மின்விசிறி நின்றுவிட்டாலோ அதுவும் சூடேறித் தவிக்கும்.

அப்படியானால் இந்தத் தூதனால் என்ன பயன்? சூடு பிறக்கும் இடம் ஒன்று, அது காற்றோடு சேரும் இடம் வேறு என்று பிரித்துக்கொள்ளலாம். ரேடியேட்டரை நல்ல காற்றுப் படும் இடத்தில் வைக்கலாம். வண்டி நின்றாலும் மின்விசிறி காற்றை இழுக்கும். ஓட்டத்தைத் தேவைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு இன்று மதிப்பு கூடியதற்குக் காரணம் புகைச் சட்டங்கள். அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரிவடையும். வெப்பநிலை ஏறி இறங்கும் எஞ்சினில் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே தாராளமாக இடைவெளி விட வேண்டியிருக்கிறது. அதன் வழியே எண்ணெய் கசிந்து எரியும். மேலும், காற்று முறை எஞ்சின்களைச் சூடு தாங்கச் செய்யச் சற்று அதிகமாகப் பெட்ரோல் கலப்பார்கள்; அதனால் புகையில் நச்சு கூடும். வெப்பநிலை சீராக இருந்தால் இவ்விரண்டையும் குறைக்கலாம். நீர் சூழ்ந்த இரட்டைச் சுவர் எஞ்சினின் இரைச்சலையும் அடக்குகிறது.

நடுவழி

காற்றையே நம்பியிருந்த நிறுவனங்களும் மெல்ல மெல்ல நீரை ஏற்றன. பி.எம்.டபிள்யூ. தன் புகழ்பெற்ற இரட்டைச் சிலிண்டர் வண்டியான ஆர் 1200 ஜி.எஸ்.-இன் 2013 மாதிரியில், மிகச் சுடும் பகுதிகளுக்கு மட்டும் நீரைச் செலுத்தி, மற்றப் பகுதிகளைச் சிறகுத் தகடுகளிடமே விட்டது. ஹார்லியும் 2014 மாதிரிகளில் சிலவற்றுக்குச் சிலிண்டர் தலையில் மட்டும் நீர் வழி அமைத்து, ரேடியேட்டர்களைக் கால் மறைப்புகளுக்குள் ஒளித்துவைத்தது. ஆனால் காற்று முறை மறைந்துவிடவில்லை. 2020இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஆர் 18 வண்டியில் 1802 சி.சி. எஞ்சின் காற்றாலும் எண்ணெயாலுமே குளிர்கிறது.

நம் நாட்டிலும் இக்கதை உண்டு. 1955இல் சென்னையில் உற்பத்தி தொடங்கிய என்ஃபீல்டு புல்லட் காற்று முறை வண்டி. அதே நிறுவனம் 2023இல் வெளியிட்ட நெடும்பயண வண்டியான ஹிமாலயன் 450, நீரால் குளிர்விக்கப்படுகிறது.

எது சிறந்தது?

திறந்த நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடும்போது இரண்டும் தம் வேலையைச் செம்மையாகச் செய்யும். நெரிசல், மலையேற்றம், முழுச்சுமை, கடுங்கோடை ஆகிய இவை ஒன்றுசேரும்போது நீர் முறையே தாங்கும். ஆனால் ஒரு ரப்பர் குழாய் கிழிந்து நீர் ஒழுகிவிட்டால், நீர் முறை எஞ்சினை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டியதுதான். காற்று முறையில் அந்தக் கவலை இல்லை.

வண்டி வைத்திருப்போர் சிலவற்றை நினைவில் கொள்வது நலம். காற்று முறை வண்டியை நிறுத்திவைத்தபடி நெடுநேரம் ஓடவிடாதீர்கள். நெரிசலில் நீண்ட நேரம் நிற்க நேர்ந்தால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். தகடுகளின் இடுக்கில் உள்ள சேற்றை அகற்றுங்கள்; ஆனால் சூடான எஞ்சின்மீது குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள், உலோகம் விரிசல் விடக்கூடும். நீர் முறை வண்டியில் எஞ்சின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. திறந்தால் அழுத்தம் திடீரெனக் குறைந்து, உள்ளிருக்கும் நீர் ஒரே கணத்தில் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வெந்துபோகச் செய்துவிடும்.

அடுத்த முறை ஒரு பெரிய மோட்டார் சைக்கிளைக் காணும்போது அதன் எஞ்சினைக் கூர்ந்து பாருங்கள். சிறகுத் தகடுகள் இருக்கின்றனவா, ரேடியேட்டர் இருக்கிறதா, அல்லது இரண்டுமே இருக்கின்றனவா? அந்த எஞ்சினின் வெப்பம் எந்த வழியாகக் காற்றை அடைகிறது என்பதை இனி நீங்களே சொல்லிவிடலாம்.