கல்லில் எழுதிய பேரேடு

நாற்பது வருஷமாகப் பாத்திரக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். எந்தக் கோயிலுக்குப் போனாலும் சிற்பத்துக்கு முன்னால் கல்வெட்டைத்தான் தேடுவேன். கல்வெட்டு என்பது பெரும்பாலும் கணக்குதானே! இன்ன நிலம், இத்தனை நெல், ஒரு நந்தா விளக்குக்கு இத்தனை ஆடு. சென்ற வருஷம் மகனும் மருமகளும் கம்போடியாவுக்கு அழைத்துப் போனபோதும் இந்தப் புத்தி விடவில்லை.

நாங்கள் தங்கிய சியெம் ரீப், அங்கோர் கோயில்களுக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் உள்ள ஊர். 'சயாம் தோற்ற இடம்' என்று பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். பொழுது சாயுமுன் உண்பது எங்கள் வழக்கம். அதில் அங்கே சிரமமில்லை. மீன் சாறு விடாத கறி கிடைப்பதுதான் சிரமம். சோறும் வாழைப்பழமும் மூன்று நாள் காப்பாற்றின.

அங்கோர் வாட் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது தா புரோம் என்ற கோயிலைப் பற்றி. மதில்மேல் மரம் நின்று, வேர்கள் மலைப்பாம்பு போல இறங்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். ஏழாம் ஜெயவர்மன் 1186இல் தன் தாயின் நினைவாக நிறுவிய மகாயான பௌத்தக் கோயில் இது. பழைய பெயர் ராஜவிகாரம்.

இதன் சம்ஸ்கிருதக் கல்வெட்டை ஜார்ஜ் செதேஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1906இல் பதிப்பித்தார். அதன் எழுத்து பல்லவ எழுத்தின் வழிவந்த கெமர் எழுத்து. படித்தால் ஒரு பேரேடுதான்! கோயிலுக்கு விட்ட ஊர்கள் 3,140. அதற்காக உழைத்தவர்கள் 79,365 பேர். தலைமைக் குருக்கள் 18, அலுவலர் 2,740, உதவியாளர் 2,202, ஆடல் மகளிர் 615. முத்து 40,620, குடை 523, சீனத் திரை 876. நாட்டில் இருந்த 102 மருத்துவச் சாலைகளும் கணக்கில் உண்டு.

இத்தனை வரவு இருந்த கோயிலை எப்படிக் காடு பிடித்தது? 15ஆம் நூற்றாண்டில் அரசர்கள் தலைநகரைத் தெற்கே மாற்றினார்கள். நெல் கொண்டுவர ஆளில்லை, பெருக்க ஆளில்லை. பறவை எச்சத்தில் வந்த விதை கல்லிடுக்கில் முளைக்கிறது. சுண்ணாம்புக் காரை இல்லாமல் அடுக்கிய மணற்கல். வேருக்கு வழி சுலபம். வேர் பருக்கப் பருக்கக் கல் விலகும். பிறகு அதே வேர்தான் கல்லைத் தாங்கியும் நிற்கும். மரத்தை வெட்டினால் சுவர் விழும், விட்டாலும் ஒருநாள் விழும். இந்தச் சிக்கலில்தான் நம் இந்தியத் தொல்லியல் துறை, 2000க்குப் பிறகு அங்கே முட்டுக் கொடுத்து, சரிந்த கல்லை அடையாளம் பார்த்து மறுபடி அடுக்கி வருகிறது.

அங்கோர் வாட்டிலும் அதே மழை, அதே பறவைகள். அது ஏன் பிழைத்தது? சுற்றியுள்ள அகழி ஒரு காரணம். பிக்குகள் அங்கே வழிபாட்டை முழுதும் கைவிடாதது இன்னொரு காரணம். கல்லைக் காப்பது கல்லல்ல, தினம் துடைப்பம் எடுக்கும் கை என்று எனக்குப் பட்டது.

வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு சிறிய ஜினாலயம் உண்டு. ஒவ்வொரு வருஷமும் மழைக்காலம் முடிந்ததும் என் தாத்தா விமானத்தில் ஏறி அரசங்கன்றுகளைப் பிடுங்குவார். "டேய், கன்றா இருக்கும்போதே எடுத்துடணும். பாவமும் சின்னது, செலவும் சின்னது" என்பார். இன்று அந்தத் தெருவில் பாதி வீடு பூட்டு. சென்னை, மும்பை, டில்லி என்று போய்விட்டோம். திருப்பணிக்குப் பணம் அனுப்புவதில் குறை வைக்கவில்லை. ஆனால், கம்போடியாவிலிருந்து திரும்பிய கையோடு ஊருக்குப் போய்ப் பார்த்தேன்: விமானத்தில் என் கை பருமனுக்கு ஓர் அரசமரம். வாத்தியாருக்கு எழுபத்தாறு வயசு. அவரை எப்படி ஏறச் சொல்வது?

பணத்தை மணியார்டரில் அனுப்பலாம், கையை அனுப்ப முடியாது. இந்த வருஷம் மழை நின்றதும் வீட்டுக்கு ஒருவர் ஊருக்குப் போவது என்று உறவினர்களிடம் பேசி முடித்திருக்கிறேன். மலரைப் படிக்கும் அன்பர்களும் தங்கள் ஊர்க் கோயில் விமானத்தை ஒருதரம் அண்ணாந்து பாருங்கள்.