வீட்டு அச்சுப்பொறியில் தேங்கும் பணிகளும் அவற்றை நீக்கும் முறையும்

மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை நீளும் கடற்கரை ஊர்களில், ஆசிரியர் ஒருவர் வாழும் வீட்டு மேசையின்மேல் சிறியதோர் அச்சுப்பொறி இருத்தல் இன்று வியப்புக்குரியதன்று. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பெருந்தொற்றின் பொருட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் கைத்தொலைபேசி வழியாகப் பிள்ளைகளை அடையத் தொடங்கிய காலந்தொட்டு, பயிற்சித்தாளை வீட்டிலேயே அச்சிட்டுக்கொள்ளும் வழக்கம் பெருகிற்று. கலியாண அழைப்பிதழின் மாதிரி, வளைகுடா நாடு செல்வோரின் கடவுச்சீட்டுப் பிரதி, பள்ளிவாசல் அறிவித்தல் முதலியனவும் அப்பொறியிலேயே உருப்பெறுகின்றன. அதனை இயக்கக் கற்றோர் பலர். அது தொடங்கிய வேலையை நிறுத்தக் கற்றோர் சிலரே. வேண்டாத தாள் வெளிவரக் கண்டதும் பொறியை அணைப்பதும், வடத்தைப் பிடுங்குவதும், மீண்டும் இயக்கிய கணத்தில் அதே தாள் தலைநீட்டக் கண்டு திகைப்பதும் அன்றாட நிகழ்ச்சிகள். இத்திகைப்புக்குக் காரணம் பொறியின் பிடிவாதமன்று. அச்சிடுமாறு இட்ட பணி எவ்விடத்தில் இருக்கின்றது என்பதை அறியாமையேயாம்.

பழைய அச்சுக்கூடங்களில் இவ்வினா எழுந்ததில்லை. காலால் மிதித்து இயக்கும் அச்சியந்திரத்தில், எழுத்துப் பிழையொன்று கண்ணிற்பட்டால், அச்சுக்காரர் பக்கத்திலிருந்த நெம்புகோலைத் தள்ளுவார். சக்கரம் சுழன்றுகொண்டிருப்பினும் எழுத்துத் தாளின்மேற் பதியாது விலகி நிற்கும். பாடசாலைகளில் வினாத்தாள் எடுக்கப் பயன்பட்ட றோனியோ இயந்திரமோ இதனினும் எளியது. கைபிடியைச் சுற்றுபவர் கையை எடுத்தவுடன் பிரதியும் நின்றுவிடும். அங்கே ஏவுபவரும் செய்பவரும் ஒருவரே. ஆதலின் ஏவலை மீட்டுக்கொள்வதற்குத் தனியொரு முறை வேண்டியிருக்கவில்லை. கணினி வந்தபின்னரே ஏவலும் செயலும் வெவ்வேறிடத்து நிகழ்வனவாயின.

அப்பிரிவு வேண்டுமென்றே செய்யப்பட்டதாகும். கணினி கணக்கிடும் விரைவுக்கு அச்சுப்பொறி ஒருபோதும் ஈடுகொடுத்ததில்லை. ஒரு தாள் அச்சாகி முடியுமட்டும் பெருவிலையுள்ள கணினி வாளாவிருத்தல் பொருட்செலவென உணர்ந்த பொறியியலாளர், அச்சிடவேண்டியதை முதலில் ஒரு காந்தநாடாவிற் சேமித்துவைத்து, அச்சுப்பொறி தன் விரைவுக்கேற்ப அங்கிருந்து எடுத்துக்கொள்ளுமாறு வகுத்தனர். 1962 இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அற்லஸ் கணினியில் இவ்வேற்பாடு திருத்தமாக அமைந்திருந்தது. சேமிக்கும் அவ்விடத்தை அவர்கள் கிணறு என்னும் பொருள்படும் சொல்லாலேயே வழங்கினர். பிற்காலத்து வழக்கில் நிலைத்த சொல் ஸ்பூல் என்பது. அது நீண்ட ஆங்கிலத் தொடரொன்றின் முதலெழுத்துக்களின் கூட்டு என்று நூல்கள் கூறும். எனினும் ஆங்கிலத்தில் அச்சொல்லின் இயல்பான பொருள் நூல் சுற்றிய கட்டை என்பதேயாம். கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனையில் இதனை விளக்குதற்கு வேறு உவமை தேடவேண்டுவதில்லை. சுற்றிவைத்த நூல் தறியின் நடைக்கேற்பச் சிறிது சிறிதாக அவிழ்கின்றது. தறி நின்றுவிட்டாலும் கட்டையில் உள்ள நூல் கட்டையிலேயே இருக்கும்.

இவ்வுவமை பொறியின் போக்கை முழுவதும் விளக்கவல்லது. அச்சிடுக என்னும் ஏவலைப் பெற்ற கணினி, அவ்வாவணத்தை அச்சுப்பொறிக்கு நேரே அனுப்புவதில்லை. விண்டோஸ் முறைமையாயின், சி என்னும் வட்டில் விண்டோஸ், சிஸ்டம் 32, ஸ்பூல், பிறின்டர்ஸ் என ஒன்றனுள் ஒன்றாக அமைந்த கோப்புறைகளுள் இறுதியானதில் அதனை எழுதிவைக்கின்றது. பணியொன்றுக்குப் பெரும்பாலும் இரண்டு கோப்புக்கள் உண்டாகும். எஸ்.பி.எல். என்று முடிவது அச்சிடவேண்டிய பொருளைத் தாங்குவது, எஸ்.எச்.டி. என்று முடிவது, அப்பணியை ஏவியவர் யார், அஃது எப்பொறிக்கு உரியது என்பன போன்ற குறிப்புக்களைத் தாங்குவது. ஸ்பூலர் எனப்படும் சேவை நிரல் அக்கோப்பைச் சிறுசிறு கூறாகப் பொறிக்கு ஊட்டுகின்றது. பொறியினுள் இருக்கும் நினைவகம் சிறியதாதலின், ஒரு வேளையில் அதனிடம் இருப்பது பணியின் ஒரு பகுதி மட்டுமே. ஆகவே, அச்சாகிக்கொண்டிருக்கும் ஆவணம் ஒன்று கணினியின் வட்டில், பொறியின் நினைவகத்தில், உருளைகளுக்கிடையே நகரும் கடதாசியில் என மூன்றிடத்தும் ஒருங்கே உளதாகின்றது.

பொறியை மட்டும் அணைப்பவர் இம்மூன்றனுள் நடுவில் உள்ளதையே அழிக்கின்றார். வட்டில் உள்ளது அழியவில்லை. பொறி விழித்ததும் ஸ்பூலர் மீண்டும் ஊட்டத் தொடங்குகின்றது. கணினியை அணைத்து இயக்கினாலும் பயனில்லை. வட்டில் எழுதியது மின்சாரம் அற்றபோதும் நிலைத்திருப்பதேயன்றோ? இடைநடுவில் வடத்தைப் பிடுங்குவது இவற்றினும் பொல்லாத விளைவைத் தரும். ஆவணத்தின் தொடக்கத்தில், இது படம், இது எழுத்து, இது தாளின் அளவு என்றவாறு பொறிக்கு அறிவுறுத்தும் கட்டளைகள் உள. அணைந்து எழுந்த பொறி அவற்றை மறந்திருக்க, எஞ்சிய பகுதி மட்டும் அதனை வந்தடையுமாயின், சில வகைப் பொறிகள் படத்துக்குரிய எண்களை எழுத்தென மயங்கி, பக்கத்துக்கு ஒரு வரியாகப் பொருளற்ற குறிகளைப் பொறித்துக் கடதாசிக் கட்டு முழுவதையும் தீர்த்துவிடும். பொறி கெட்டுவிட்டதெனக் கருதிப் பழுதுபார்ப்பாரிடம் கொண்டுசெல்லப்படுவனவற்றுள் இவ்வாறு மயங்கியனவும் இருத்தல் கூடும்.

இனி, பணிகள் தேங்குதற்குரிய காரணத்தை நோக்குமிடத்து, இலங்கையில் மின்தடைக்கு முதலிடம் கொடுத்தல் தகும். 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி நாடு முழுவதும் ஒருங்கே இருண்டது. அச்சிடும்போது மின்சாரம் அற்றுப்போனால் பணி பாதியில் நிற்கும் என்பது வெளிப்படை. வெளிப்படையல்லாத காரணம் வேறொன்று உண்டு. வீட்டு வைபை இணைப்பை நடத்தும் ரவுட்டர், தன்னோடு இணைந்த ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்க முகவரி வழங்குகின்றது. மின்சாரம் மீண்டபின் அச்சுப்பொறிக்குப் புதியதொரு முகவரி கிடைப்பின், கணினி பழைய முகவரியிலேயே அதனைத் தேடி, காணாது, பணிகளை வரிசையில் நிறுத்திவைக்கும். தாள் வராமை கண்ட ஏவுநர் மீண்டும் ஏவுகின்றார்; பின்னும் ஏவுகின்றார். ஒவ்வோர் ஏவலும் தனிப்பணியாக வரிசையில் நிற்கும். பின்னொருநாள் இணைப்புத் திருந்தியதும், ஒரு பிரதி வேண்டியவர் பத்துப் பிரதிகளைப் பெறுகின்றார். மேற்கு மாகாணத்துத் தவணைப் பரீட்சைகள் கடதாசித் தட்டுப்பாட்டினால் 2022 மார்ச்சில் ஒத்திவைக்கப்பட்டதை நினைவுகூர்வோர்க்கு ஒன்பது தாள் சிறிய இழப்பாகத் தோன்றாது.

எழுத்துரு பற்றிய இடரும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. ஈழத்துத் தமிழர் நெடுங்காலம் கையாண்ட பாமினி எழுத்துருவில் அமைத்த ஆவணம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக்களின் குவியலாகவே அச்சாகும். அச்சிடுமுன் முன்தோற்றத்தை ஒருகால் நோக்கின், நிறுத்தவேண்டிய தேவையே எழாது. யூனிகோட்டுக்கு மாறியோர் இவ்விடரினின்றும் பெரும்பாலும் தப்பினர்.

கடதாசியும் மையும் வீணாதல் ஒருபுறமிருக்க, தேங்கிய பணியால் வரும் பிற கேடுகள் பெரியன. இரவில் வினாத்தாளை ஏவி, தாள் வராமையாற் கணினியை மூடிவிட்டு உறங்கச்சென்ற ஆசிரியரை எண்ணிப் பார்க்கலாம். மறுநாட் பிற்பகல் அவ்வீட்டு விறாந்தையில் வகுப்புக்கு வந்த பிள்ளையொருவர் தமது பாடக்குறிப்பை அச்சிடப் பொறியை இயக்கும்போது, முதலில் வெளிவருவது அவ்வினாத்தாளே. கடவுச்சீட்டின் பிரதியும் வங்கிக் கணக்கின் விவரமும் இவ்வாறே பிறர் கையிற் சேரக்கூடும். பாதியச்சான தாள்களை என் செய்வது என்னும் கவலையும் இவ்வூர்களில் உண்டு. தலைப்பில் பிஸ்மில்லாஹ் எழுதப்பெற்ற தாளைக் கால்படும் இடத்திற் போடுதல் முஸ்லிம் இல்லங்களிற் பெருங்குற்றம். பிள்ளையார் சுழியிட்ட தாளிற் கால்பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் இந்து இல்லத்தார்க்கு இவ்வுணர்ச்சி புதியதன்று. பிழைபட்ட அழைப்பிதழ் ஐம்பது விழுந்துவிட்டால் அவற்றைக் குப்பையோடு சேர்க்க எவர்க்கும் மனம் வராது.

இனி நீக்கும் முறை. அச்சாகிக்கொண்டிருக்கும் பணியைத் தடுக்கவேண்டின், முதலில் தட்டில் எஞ்சிய வெற்றுத்தாள்களை எடுத்துவிடல் வேண்டும். கடதாசியில்லாத பொறி எதனையும் கெடுக்கமாட்டாது. உருளைகளிடையே புகுந்துவிட்ட தாளை மாத்திரம் இழுத்தலாகாது. அடுத்து, பொறியின் முகத்திலுள்ள நிறுத்தற் பொத்தானை அழுத்துக. பொதுவாக அது பெருக்கற்குறி போன்றோ, வட்டத்துள் முக்கோணமாகவோ பொறிக்கப்பட்டிருக்கும். மைப்பொறியாயின் சுவரிலுள்ள ஆளியை அணைத்தல் நன்றன்று. பொறியின் சொந்தப் பொத்தானால் அணைத்தால் மையூற்றுந் தலை தன் உறைக்குட் சென்று ஒடுங்கும். மின்சாரத்தைத் திடீரென வெட்டினால் வெளியே நின்று உலர்ந்துபோகும். மின்தடையால் அவ்வாறு நின்ற பொறியை, மின்சாரம் வந்தவுடன் ஒருமுறை இயக்கி, பின் முறையாக அணைத்துவிடுதல் நலம்.

அதன்பின் கணினியிற் கடிகாரத்துக்கு அருகே தோன்றும் அச்சுப்பொறிச் சின்னத்தைத் திறந்தால் வரிசை காணப்படும். அங்கே வேண்டாத பணியைத் தெரிந்து நீக்கலாம். அன்றி எல்லாவற்றையும் ஒருங்கே நீக்கலாம். பெரும்பாலான வேளைகளில் இவ்வளவே போதும். ஆனால் நீக்கப்படுகிறது என்னும் குறிப்போடு அகலாது நிற்கும் பணியும் உண்டு. ஸ்பூலர் அக்கோப்பைத் தன் பிடியில் வைத்திருப்பதே அதற்குக் காரணம். ஒருவர் கையிற் பிடித்திருக்கும் தாளை மற்றொருவர் கிழித்தெறிதல் இயலாதவாறு போல. எனவே பிடித்திருப்பவரையே முதலில் ஓய்வுறுத்தல் வேண்டும். விண்டோஸின் சேவைகள் சாளரத்தைத் திறந்து, பிறின்ட் ஸ்பூலர் என்னும் பெயரைத் தேடி, அதனை நிறுத்துக. பின்னர் மேலே கூறிய பிறின்டர்ஸ் கோப்புறைக்குச் சென்று அதனுள் இருப்பனவற்றை அழித்திடுக, கோப்புறையை அழித்தலாகாது. இதற்குக் கணினியின் நிருவாகி உரிமை வேண்டும். அச்சுப்பொறியையும் அதன் பொத்தானால் அணைத்து, வடத்தைக் கழற்றி, அரை நிமிடம் பொறுத்து மீண்டும் பொருத்தினால் அதன் நினைவகமும் வெறுமையாகும். இறுதியாக ஸ்பூலரை மறுபடி தொடங்குதல் வேண்டும். இதனை மறந்தோர், வரிசை தூய்மையாக இருந்தும் எதுவும் அச்சாகாமை கண்டு வருந்துவர். பல பொறிகள் ஒரே கணினியில் இணைந்திருப்பின், இம்முறை அனைத்தின் வரிசையையும் அழித்துவிடும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மக்கின்ரோஷ், லினக்ஸ் கணினிகளில் கப்ஸ் என்னும் நிரல் இப்பணியை ஆற்றுகின்றது. அங்கும் வரிசைச் சாளரத்திலேயே பணியை நீக்கலாம். அடங்காதவிடத்து, கான்சல் என்னும் ஆணையை அனைத்தையும் சுட்டும் குறியோடு இட்டால் எஞ்சியவை அகலும். அன்ட்ரொயிட் தொலைபேசியிலிருந்து ஏவிய பணி, மேலிருந்து இழுக்கும் அறிவித்தற் பட்டியிற் காணப்படும். அதனை அத்தொலைபேசியிலேயே நீக்குதல் வேண்டும். ஒரு வீட்டில் நால்வர் நான்கு தொலைபேசியிலிருந்து ஏவியிருப்பின், வரிசைகளும் நான்காதலின், கணினியை மட்டும் துருவுவது வீண்.

வரிசை வெறுமையான பின்னரும் தாள் வராதாயின் இணைப்பையே ஆராய்தல் வேண்டும். வடத்தை வேறு துளையில் மாற்றிச் செருகியதால் விண்டோஸ் அதே பொறியை இரண்டாவது பெயரால் பதிந்துகொண்டு, பழைய பெயருக்கு வரும் பணிகளைத் தேக்குவதுண்டு. அவ்வாறாயின் பழைய பெயரை அகற்றிவிடலாம். வைபை பொறியாயின் ரவுட்டரில் அதற்கு மாறாத முகவரியொன்றை ஒதுக்குவது தக்கது. பொறியின் பண்புகளுள், அச்சிட்ட ஆவணங்களை வைத்திரு என்னும் பொருளுடைய கட்டம் குறியிடப்பட்டுள்ளதா என்பதையும் நோக்குக. குறியிட்டிருப்பின், முறையாக அச்சாகி முடிந்த வினாத்தாளும் வரிசையை விட்டு நீங்காது, அடுத்து அக்கணினி முன் அமர்பவர் கையில் மறுபடியும் அச்சாகக் காத்திருக்கும்.