காற்று குறைந்தால் நிற்கும் வண்டி

புதுச்சேரி உப்பளத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகன் கனரக வாகன உரிமம் வாங்கி, ஊருக்குள் ஜல்லியும் எம்-சாண்டும் அடித்துக்கொண்டிருந்தானாம். இப்போது பெரிய லாரி கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று கிளம்பி நிற்கிறான். “அங்கே வேலை எப்படி இருக்கும்? நம்பி அனுப்பலாமா?” என்று கேட்கிறார். அனுப்பலாம் அம்மா. என்ன காத்திருக்கிறது என்பதை மட்டும் நீங்களும் தம்பியும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒற்றை லாரி முதலாளியிடம் ஓட்டும்போது ஓட்டுநர்தான் எல்லாம். லோடு பிடிப்பது, வாடகை பேசுவது, பஞ்சர் பார்ப்பது, டீசல் மலிவான இடத்தில் டேங்கை நிரப்புவது எல்லாம் அவர் தலையில். தமிழ்நாட்டு லாரிகள் நம் புதுச்சேரி எல்லை பெட்ரோல் பங்க்குகளில் ஒதுங்குவது டீசல் மலிவு என்பதால்தான். பெரிய கம்பெனியில் இதில் பெரும்பகுதி அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. எங்கே லோடு, எந்தச் சாலை, எத்தனை மணிக்கு இறக்க வேண்டும் என்பதெல்லாம் செல்போனில் வரும். சுங்கச்சாவடிக்கு ஃபாஸ்டேக், டீசலுக்கு அட்டை. வழியில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டியது குறைவு, பேரமும் குறைவு. அதற்கு ஈடாக, வண்டியிலிருக்கும் கருவி எல்லாவற்றையும் ஆபீசுக்குச் சொல்லிவிடும்: எங்கே நின்றான், எவ்வளவு நேரம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டான், எத்தனை முறை சடாரென்று பிரேக் அடித்தான். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80 கிலோமீட்டரைத் தாண்ட விடாது.

கிளீனர் இருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு காலத்தில் எல்லோரும் கிளீனராகத்தான் லாரியில் ஏறினார்கள். தார்ப்பாய் கட்டி, ரிவர்ஸில் குரல் கொடுத்து, வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றார்கள். அந்தப் பள்ளிக்கூடம் மெல்ல மூடிக்கொண்டு வருகிறது. அதை ஓரளவு ஈடுசெய்வது நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நடத்துவது போன்ற ஓட்டுநர் பயிற்சி நிலையங்கள்தான். தம்பிக்கு அப்படியொரு வாய்ப்பு கிடைத்தால் விடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கம்பெனிகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. கர்நாடகத்தின் கதக் நகரில் விஜய் சங்கேஷ்வர் 1976-ல் ஒரே லாரியோடு தொடங்கிய வி.ஆர்.எல். இன்று ஆயிரக்கணக்கான வண்டிகளைச் சொந்தமாக ஓட்டுகிறது. 2014-ல் தொடங்கிய ரிவிகோ வேறொரு வழியைப் பார்த்தது. ஓட்டுநர் சில மணி நேரம் ஓட்டி, வழியிலிருக்கும் நிலையத்தில் வண்டியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, எதிர்த்திசையில் போகும் இன்னொரு வண்டியில் ஊர் திரும்பிவிடலாம் என்றிருந்தது. அன்றே வீட்டில் தூங்கவும் முடிந்தது. லாரி ஓட்டுநர் வீட்டுக்கு இதைவிட நல்ல சேதி என்ன இருக்கிறது?

இனி எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். லாரி நிற்கும்போது ‘புஸ்ஸ்’ என்று ஒரு பெருமூச்சு கேட்குமே, அது என்ன? ஏர் பிரேக் என்றால் காற்று அழுத்திப் பிரேக் பிடிக்கிறது, காற்று தீர்ந்தால் பிரேக்கும் போச்சு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். காலால் மிதிக்கும் பிரேக்கைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் பின்சக்கரங்களில் கனமான ஸ்பிரிங் ஒன்று அடைபட்டு இருக்கிறது. பிரேக்கைப் பிடிப்பது அதன் இயல்பு. காற்றின் வேலை அந்த ஸ்பிரிங்கை அமுக்கிப் பிரேக்கை விடுவிப்பது. எங்கள் மொட்டைமாடிக் கொடியில் துணிக்கு மாட்டும் கிளிப்பைப் போலத்தான். விரலால் அமுக்கினால் வாய் திறக்கும், விரலை எடுத்தால் தானே கவ்விக்கொள்ளும். ஓட்டுநர் ஹேண்ட்பிரேக்கைப் போட்டதும் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டிருந்த காற்று வெளியேறுகிறது. அந்தப் ‘புஸ்ஸ்’ அதுதான்.

கார் டயரில் இருப்பது ஏறத்தாழ 2 பார் அழுத்தம். லாரியின் ஏர் டேங்கில் 8 பார் அளவுக்கு ஏறும். இரவெல்லாம் நின்று காற்று இறங்கிய லாரியைக் காலையில் கிளப்பியதும் எடுத்துவிட முடியாது. கம்பிரஸர் டேங்கை நிரப்பும்வரை பஸ்ஸர் கத்திக்கொண்டே இருக்கும், சக்கரம் அசையாது. ஓடும்போது எங்காவது குழாய் வெடித்துக் காற்று போனாலும் ஸ்பிரிங் கவ்வி வண்டியை நிறுத்தப் பார்க்கும். காற்று போனால் வண்டி நிற்க வேண்டும் என்ற இந்த யோசனை ரயிலிலிருந்து வந்தது. 1869-ல் ரயிலுக்கு ஏர் பிரேக் செய்த அமெரிக்கர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ், சில ஆண்டுகளுக்குள் அதைத் தலைகீழாக மாற்றி, பெட்டி கழன்று குழாய் அறுந்தால் ரயில் தானே நிற்கும்படி செய்தார்.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகி டேங்கின் அடியில் தேங்கும். நம் கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டேங்கின் அடியிலிருக்கும் வால்வைத் திறந்து அந்தத் தண்ணீரை வடிக்க ஒரு நிமிடம் ஆகாது. அதைச் செய்யாமல் விட்டால் வால்வுகள் துருப்பிடிக்கும். ஏர் டிரையர் உள்ள புது வண்டியிலும் அதன் ஃபில்டரைக் காலத்தில் மாற்ற வேண்டும். தம்பி எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

இன்னொரு கெட்ட பழக்கம், இறக்கத்தில் நியூட்ரல். மைலேஜ் நன்றாகக் காட்டினால் கம்பெனிகளில் ஊக்கத்தொகை உண்டு. அதற்காகத் தொப்பூர் கணவாய் போன்ற இடத்தில்கூட நியூட்ரலில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாரம் முழுவதும் பிரேக் மேல் விழும், டிரம் சூடேறும், லைனர் பிடிப்பை இழக்கும். அப்போது டேங்க் நிறையக் காற்று இருந்தும் பயனில்லை. இதில் டீசலும் மிச்சமாவதில்லை. இப்போதைய எஞ்சின்களில், கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் அடியோடு நின்றுவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கவே டீசல் வேண்டும். ஏறுவதற்குப் போடும் கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொன்னது இன்றைக்கும் சரிதான்.

காற்று குறைந்தால் வண்டி நின்றுவிடுகிறது. கண் சொருகினால் ஓட்டுநரால் நிற்க முடிகிறதா? 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வைத்தது. நெடுந்தூர ஓட்டத்துக்கும் அதிகம் போனால் 10 மணி, வாரத்துக்கு 54. ‘நாளைக் காலைக்குள் இறக்கணும்’ என்று ஒரு போன் வந்தால் இதெல்லாம் காற்றில் போய்விடுகிறது. எஞ்சின் சூட்டையும் டயர் அழுத்தத்தையும் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கும் கம்பெனிக்கு, ஓட்டுநர் எத்தனை மணி நேரமாகத் தூங்கவில்லை என்பதைப் பார்ப்பது கடினமே இல்லை. பார்க்க மனம் வேண்டும்.

ஆகவே தம்பி சேரும் முன் சம்பளத்தோடு சிலவற்றைக் கேட்கட்டும். ஒரு நடைக்கு எத்தனை ஓட்டுநர்? லோடு இறங்கத் தாமதமானால் பேட்டா உண்டா? பி.எஃப்., விபத்துக் காப்பீடு உண்டா? வண்டி 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாரானதா? அதன்பின் தயாராகும் லாரிகளில் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். மே மாத வெயிலில் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கடைசியாக, நம் புதுச்சேரியின் சேதராப்பட்டிலும் திருபுவனையிலும் தொழிற்சாலை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வாசலில் லோடுக்காக மணிக்கணக்கில் காத்திருக்கும் ஓட்டுநருக்கு உங்கள் கழிப்பறையைத் திறந்துவிடுங்கள். கால் நீட்டிப் படுக்க மின்விசிறியோடு ஓர் அறை கொடுங்கள். இரவு முழுக்க 28 டன்னை அவர்தான் ஓட்டிப் போகப் போகிறார்.