கையுறையும் கழிவு எண்ணெயும்: மறைமுகக் கொள்முதலில் கவனிக்க வேண்டியவை

கரகம்பாடி, ரேணிகுண்டா, ஸ்ரீசிட்டி, சித்தூர் ஆகிய பகுதிகளில் பொறியியல் தொழிற்கூடம் நடத்தும் வாடிக்கையாளர்கள் இரும்பையும் ஈயத்தையும் வாங்கும்போது தரச் சான்றைப் பலமுறை சரிபார்ப்பர். உற்பத்திப் பொருளில் நேரடியாகச் சேராத கையுறை, மசகு எண்ணெய், துடைக்கும் பஞ்சு, மரத்தட்டு, உணவகச் சேவை, வாடகை வாகனம் போன்றவற்றுக்கு அத்தகைய சோதனை அரிது. குறைந்த விலைப்புள்ளி தந்தவருக்கே ஆணை சென்றுவிடுகிறது.

இந்நிலை இனி நீடிப்பது கடினம். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களிலுள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் தம் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்புகள் குறித்து ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும் என்று 2022-23 நிதியாண்டு முதல் செபி கட்டாயமாக்கியுள்ளது. அப்பெரு நிறுவனங்களுக்கு உதிரிப்பாகம் தருவோரிடமும் அதே கேள்விகள் வந்து சேரும்.

மசகு எண்ணெயையே எடுத்துக்கொள்வோம். வாங்குவதைவிட, பயன்படுத்திய பின் அதை அகற்றுவதே சிக்கலானது. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி கழிவு எண்ணெய் அபாயகரக் கழிவாகும். பொதுவாக 90 நாட்களுக்கு மேல் அதை வளாகத்தில் வைத்திருக்கலாகாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். சரக்குடன் படிவம் 10 செல்ல வேண்டும். தடாவைக் கடந்து தமிழ்நாட்டிலுள்ள மறுசுழற்சி ஆலைக்கு அனுப்புவதாயின் இரு மாநில வாரியங்களுக்கும் முன்னரே தெரிவிக்க வேண்டும். பீப்பாய்க்கு நூறு ரூபாய் கூடுதலாகத் தருகிறேன் என்று வாயிலில் வந்து நிற்கும் பழைய எண்ணெய் வியாபாரியிடம் இவற்றில் ஒன்றும் இராது. ஆகவே புது எண்ணெய்க்கு விலைப்புள்ளி கேட்கும்போதே, பழையதைத் திரும்பப் பெறும் ஏற்பாடு உண்டா என்றும் கேட்டு, அனுமதிக் கடிதத்தின் நகலையும் அது காலாவதியாகும் நாளையும் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். "பசுமை" என்று அச்சிட்ட முத்திரையைவிட இந்நகலே பயனுடையது.

மற்றொரு பக்கமும் உண்டு. வழங்குநர் நிலைத்திருக்க வேண்டுமெனில் அவருக்குரிய பணம் காலத்தில் சேர வேண்டும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்துவழி உடன்பாடு இல்லையேல் 15 நாட்களுக்குள்ளும், இருப்பின் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும் குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி உண்டு. 2023 நிதிச் சட்டம் சேர்த்த 43பி(எச்) பிரிவால், தாமதித்த தொகையை உண்மையில் செலுத்திய ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட இயலும்.

ஆனால் கையுறையும் பஞ்சும் விற்பவர் பெரும்பாலும் வணிகர். உத்யம் பதிவிருந்தும், 2021 ஜூலை உத்தரவின்படி முன்னுரிமைக் கடன் தவிர இச்சட்டப் பாதுகாப்பு அவருக்கு இல்லை. அவருக்குரிய கெடுவைக் கொள்முதல் ஆணையிலேயே எழுதித் தருவது உங்கள் பொறுப்பாகிறது.