ஸ்பீடு இருக்கிறது, பக்கம் திறக்கவில்லை: கோளாறு யார் பக்கம்?

நாளை மறுநாள் 20-ஆம் தேதி. ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். மாதாமாதம் இந்த வாரத்தில் மயிலாப்பூரிலிருந்து கடிதங்கள் குவியும். லஸ் முனையிலிருந்து தெப்பக்குளம் வரை நடந்தால் ஆடிட்டர் பலகை கண்ணில் படாமல் போகாது என்பதால் அதில் வியப்பில்லை. எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான். ஸ்பீடு டெஸ்ட் 94 மெகாபிட் காட்டுகிறது, போர்ட்டல் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. நெட் கம்பெனியைக் கேட்டால் அரசு சர்வரைக் கை காட்டுகிறார்கள். அரசு நம் கம்ப்யூட்டரைக் கை காட்டுகிறது.

இரண்டாவது குற்றச்சாட்டு கற்பனையல்ல. 2025 செப்டம்பரில் வருமான வரிக் கணக்குக்கான கெடு முடியும் நேரத்தில் போர்ட்டல் திணறியபோது, பிரவுசர் அமைப்புகளைச் சரிபார்க்கும்படி வருமான வரித்துறை மக்களுக்கு யோசனை சொன்னது. அதே கெடுவை 15-ஆம் தேதியிலிருந்து 16-க்கு நீட்டிக்கவும் செய்தது. இதே போர்ட்டல் புதிதாக வந்த 2021-இல், ஆகஸ்ட் மாதம் தொடர்ந்து இரண்டு நாள் முடங்கி, அதை உருவாக்கிய இன்ஃபோசிஸின் தலைமைச் செயல் அதிகாரியை நிதியமைச்சகம் அழைத்து விளக்கம் கேட்டது. ஆகவே "உங்கள் பக்கம்தான் கோளாறு" என்று அவர்கள் சொன்னால் அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

நெட் கம்பெனி சொல்வதையும் ஏற்க வேண்டியதில்லை. 'பிராட்பேண்ட்' என்பதற்கு அரசு தரும் வரையறையைப் பாருங்கள். 2023 ஜனவரியில்தான் அது 512 கிலோபிட்டிலிருந்து 2 மெகாபிட்டாக உயர்ந்தது. அதுவும் இறக்க வேகம் மட்டும். அதுவும் சேவை தருபவரின் முனையிலிருந்து உங்கள் வீடு வரைக்கும் மட்டும். ஏற்ற வேகம் பற்றியோ, ஒரு சொடுக்குக்குப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகலாம் என்பது பற்றியோ அந்த வரையறையில் ஒரு சொல் இல்லை. அலுவலகங்கள் மாட்டிக்கொள்வது அந்த இரண்டு இடத்திலும்தான்.

போன மாதம் 19-ஆம் தேதி மாலை, கச்சேரி சாலையில் எட்டுப் பேர் வேலை செய்யும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து 'பிங்' ஓடவிட்டோம். பதில் 11 மில்லி செகண்டில் வந்துகொண்டிருந்தது. ஆறரை மணிக்கு டேலி பேக்கப் தானாகக் கிளவுடுக்கு ஏறத் தொடங்கியது. 11 என்பது 300 ஆனது, 900 ஆனது, 1,900-ஐத் தாண்டியது. ஆர்ட்டிகிள் பெண் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "சார், நெட் போயிடுச்சா?" என்றார். நெட் போகவில்லை. வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். அந்த இணைப்பின் ஏற்ற வேகம் 4 மெகாபிட். மோடத்துக்குள் பேக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) காத்திருக்க ஒரு தற்காலிக நினைவகம் உண்டு, பஃபர் என்பார்கள். அது 1 மெகாபைட், அதாவது 8 மெகாபிட் என்று வையுங்கள். பேக்கப் அதை நிரப்பிவிட்டால், அதற்குப் பின்னால் வரும் உங்கள் ஒரே ஒரு சொடுக்கு வெளியேற 2 விநாடி காத்திருக்க வேண்டும். இறக்கமும் தப்பாது. வந்து சேரும் தரவுக்கெல்லாம் 'கிடைத்தது' என்று திருப்பி அனுப்பும் ரசீதும் இதே வரிசையில்தான் நிற்க வேண்டும். ஒரு பக்கம் திறக்க இப்படிப் பத்து முறை போய் வர வேண்டியிருந்தால் 20 விநாடி போய்விடும்.

பேக்கப் ஏன் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை? இந்த இடம்தான் என்னைத் தூங்கவிடாதது. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் பெர்க்லியில், 400 கஜ தூரமே உள்ள இரண்டு இடங்களுக்கு இடையே விநாடிக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு 40 பிட்டுக்குச் சரிந்தது. வான் ஜேக்கப்சன் அதை ஆராய்ந்து 1988-இல் தீர்வு சொன்னார். வழியில் பேக்கெட் தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு, அனுப்புகிற கணினி தானே அடங்க வேண்டும். இன்றைய இணையம் பெரும்பாலும் இந்த ஒழுக்கத்தில்தான் ஓடுகிறது. அப்படியானால் பேக்கெட் தொலைவது கோளாறல்ல, அது ஒரு தகவல். காமதேனு தியேட்டர் வாசலில் அந்தக் காலத்தில் ஹவுஸ்ஃபுல் பலகையைப் பார்த்ததும் கூட்டம் கலைந்துவிடுமே, அதுபோல.

பின்னாளில் நினைவகம் மலிவானது. ஒரு பேக்கெட்டும் தொலையக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் பஃபரைப் பெருக்கிக்கொண்டே போனார்கள். பலகையை மாட்டாமல் கூட்டத்தைத் தெருக்கோடி வரை நிற்க வைத்ததற்குச் சமம் அது. 2010-இல் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டுபிடித்து 'பஃபர்புளோட்' என்று பெயரிட்டார். 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் ஜேக்கப்சனும் 'கோடெல்' என்ற முறையைத் தந்தார்கள். அது வரிசையின் நீளத்தைப் பார்ப்பதில்லை, காத்திருக்கும் நேரத்தைப் பார்க்கிறது. 5 மில்லி செகண்டுக்கு மேற்பட்ட காத்திருப்பு 100 மில்லி செகண்டுக்குத் தொடர்ந்தால் பேக்கெட்டைக் கைவிடத் தொடங்கும். மருந்து வந்து இத்தனை ஆண்டாகியும் அது இல்லாத பெட்டிகளையே இன்னும் நம் தலையில் கட்டுகிறார்கள்.

உங்கள் அலுவலகத்தில் சோதிக்கப் பத்து நிமிடம் போதும். வைஃபையை விட்டுவிட்டு கேபிளைச் செருகுங்கள். முதலில் ரவுட்டருக்கு பிங் போடுங்கள் (பெரும்பாலும் 192.168.1.1). அங்கேயே எண் துள்ளினால் கோளாறு உங்கள் சுவருக்குள். அது அமைதியாக இருந்தால் 8.8.8.8-க்குப் போடுங்கள், சும்மா இருக்கும்போது ஒருமுறை, பெரிய கோப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டே ஒருமுறை. இரண்டாவது எண் பல மடங்கு எகிறினால் மேலே சொன்ன நோய். இரண்டும் அமைதியாக இருந்து, மற்ற தளங்களும் திறந்து, போர்ட்டல் மட்டும் சுற்றினால் கோளாறு அவர்கள் பக்கம். நேரத்தோடு திரையைப் படம் எடுத்து வையுங்கள், புகார் எழுதும்போது உதவும்.

கச்சேரி சாலையில் செய்தது இரண்டே காரியம். பேக்கப்பை இரவு பத்து மணிக்குத் தள்ளினார்கள். ரவுட்டரில் ஏற்ற வேகத்துக்கு 3.5 மெகாபிட் என வரம்பு போட்டார்கள். வரிசை மோடத்தில் சேரவே இல்லை.

மற்ற கேள்விகள். அதிக வேகத் திட்டத்துக்கு மாறலாமா? ஏற்ற வேகமும் கூடுமா என்று கேட்டுவிட்டு மாறுங்கள். மாட வீதிப் பழைய வீட்டில் உள்ளறைக்கு வைஃபை எட்டவில்லை? கேபிள் இழுங்கள். எல்லாக் கணினியும் 94-க்கு மேல் போகவில்லை? எங்கோ 100 மெகாபிட் சுவிட்ச் ஒன்று பழசாக உட்கார்ந்திருக்கிறது. 2016 டிசம்பரில் வர்தா புயலின்போது ஆனதுபோல் கடலடி கேபிள் பழுதானால்? வெளிநாட்டுத் தளங்கள் மந்தமாகும். ஜிஎஸ்டி போர்ட்டல் உள்நாட்டில்தான் இருக்கிறது. கெடு எல்லோருக்கும் 20-ஆ? தமிழ்நாட்டில் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர்களுக்கு, காலாண்டு முடிந்த மறுமாதம் 22.