பிராணவாயு குன்றிய இடமும் புற்றுநோய் மருந்தும்

பிராணவாயு குன்றின் உயிரணு மடியுமென்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், நுரையீரற் புற்றுநோயின் உயிரணுக்களிற் சில, அவ்வாயு குன்றிய இடத்தையே அரணாகக் கொண்டு வாழ்கின்றன. இது வியப்பன்றோ? இதன் காரணத்தை ஆராய்வாம்.

1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தாம்லின்சன், கிரே என்னும் இருவர், மனிதரின் நுரையீரற் புற்றுக்கட்டிகளைச் சீவி மைக்ராஸ்கோப்பினால் நோக்கினர். இரத்தக் குழாய்களை அடுத்த உயிரணுக்கள் செழித்திருந்தன. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் ஆறிலொரு பங்கு தூரத்துக்கு அப்பாலுள்ளவை மடிந்திருந்தன. இரத்தம் கொணரும் பிராணவாயு அவ்வளவு தூரமே எட்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்விரண்டிற்கும் இடையே, மூச்சுத் திணறியும் சாகாத ஒரு கூட்டம் உண்டு. எக்ஸ்-ரே கிரணங்களால் இவற்றை அழிக்க, ஏனையவற்றிற்கு வேண்டும் அளவைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வேண்டும். குழாய்க்குத் தொலைவிலிருப்பதால் மருந்தும் இவற்றை எளிதில் அடைவதில்லை. எஞ்சிய இக்கூட்டத்தினின்று நோய் மீண்டும் தலையெடுக்கக்கூடும்.

அந்த அரணிலேயே இவற்றை அழிக்கலாகாதோ என்று அறிஞர் எண்ணினர். டைராபசமைன் என்னும் மருந்து அவ்வெண்ணத்திற்கு இயைந்தது. உயிரணுவிலுள்ள என்சைம்கள் ஓர் எலெக்ட்ரானை அளிக்க, இம்மருந்து கொடிய உருவை எய்தும். பிராணவாயு இருப்பின், அஃது அவ்வெலெக்ட்ரானைக் கவர்ந்துகொள்ள, மருந்து பழைய உருவை அடையும். ஆதலின் நல்ல உயிரணுக்கள் பெரும்பாலும் தப்பும். அவ்வாயு இல்லாவிடத்தோ, மருந்து டி.என்.ஏ. என்னும் இழையை அறுத்துவிடும். அறுந்த இழையைச் செப்பனிட இயலாத உயிரணு தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும். இத்தகைய மரணத்துக்கு 1972-இல் 'அப்பாப்டோசிஸ்' எனப் பெயரிட்டனர். இலை உதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது.

சோதனைச்சாலையில் வென்ற மருந்து நோயாளரிடத்தும் வென்றதா? முற்றிய நுரையீரற் புற்றுடைய 446 பேரைக் கொண்ட ஆராய்ச்சியொன்று 2000-இல் வெளியாயிற்று. சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்றோரிற் பாதிப்பேர் 27.7 வாரமும், இதனையும் சேர்த்துப் பெற்றோரிற் பாதிப்பேர் 34.6 வாரமும் கடந்து வாழ்ந்தனர். நம்பிக்கை பிறந்தது. ஆயின், வேறு மருந்துகளோடு சேர்த்துச் செய்து 2005-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் ஆயுள் நீளவில்லை, துன்பமே மிகுந்தது. இம்மருந்து கட்டியினுள் ஆழ ஊடுருவாமையும், எவருடைய கட்டியில் பிராணவாயு குன்றியுளதென முன்னரே அளந்து தெரிந்தெடுக்காமையும் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

ஆகவே, விஞ்ஞானம் பயிலும் மாணவர் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். கொள்கை எத்துணை அழகியதாயினும், நோயாளியின் படுக்கையருகே மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அது மருந்தாகாது.