தார்ச் சாலைக்கு ஒரு மேல்பூச்சு

தார்ச் சாலையின் மேல் இடப்படும் மெல்லிய காப்புப் பூச்சுக்கு 'சீல் கோட்' என்று பெயர். குளிர்நாடுகளில் விரிசலில் இறங்கிய நீர் உறைந்து விரிந்து சாலையைப் பிளக்கும். அதனால் அங்கே வீட்டு வாசல் தடத்துக்கும் இதைப் பூசுவார்கள். வெயில் மிகுந்த திருக்கோகர்ணத்தில் அந்தக் கவலை இல்லை. இங்கே வெயில்தான் முதல் பகை. தார், சரியாகச் சொன்னால் பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பிட்டுமன், வெயிலில் இறுகி வெடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை அந்த வெடிப்பு வழியே இறங்கி அடிஜல்லியை இளக்குகிறது. பிறகு குழிதான். சீல் கோட் இடும்போது குழிகளை முதலில் அடைத்து, சாலையைக் கூட்டி, உருக்கிய பிட்டுமனைத் தெளித்து, பொடிஜல்லி பரப்பி ரோலர் ஓட்டுவது வழக்கம். ஈரத் தரையில் பிட்டுமன் ஒட்டாது. அதனால் மழைக்கு முன்பே, ஆவணிக்குள் வேலையை முடிப்பது நல்லது.